காலையா, பின்னேரமா? மலையகத்தில் சைக்கிள் பழகுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கையின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, வெலிமடை, பண்டாரவளைப் பக்கங்களில் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே நேரம் ஒதுக்கிச் சைக்கிள் மிதிப்பவர்கள் கேட்பதெல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: எந்த நேரத்தில் மிதிப்பது? சமதரையில் இருப்பவர்களுக்காகச் சொல்லப்படும் பதில்கள் இங்கே பாதிதான் செல்லும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். முதலில் சொன்னதைத் திரும்பச் சொல்லாமல், கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறோம்.

1. காலையில மிதிச்சா நல்லதா, பின்னேரம் மிதிச்சா நல்லதா? சுத்தி வளைக்காம ஒரே பதிலா சொல்லுங்க.

காலை. ஆனால் காரணம் உடம்பில் இல்லை, மலையில் இருக்கிறது. வருடத்தில் பல மாதங்கள் பகல் 2 மணிக்குப் பிறகு மழையும் இடியும் வந்துவிடுகின்றன. 6, 6.30 தாண்டினால் இருட்டு. பல பாதைகளில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். ஒதுங்கி நிற்க ஓரம் கிடையாது. விடியலில் இந்த மூன்று தொல்லையும் குறைவு.

ஒரு நிபந்தனை உண்டு. காலைப் பயிற்சிக்காகத் தினமும் ஒரு மணித்தியாலத் தூக்கத்தை வெட்டுகிறீர்கள் என்றால் இந்தப் பதில் செல்லாது. அதைக் கேள்வி 12இல் பாருங்கள்.

2. உடம்புக்குப் பின்னேரம்தான் நல்லதுன்னு எங்க பார்த்தாலும் சொல்றாங்களே, அது பொய்யா?

பொய்யில்லை. உடம்பின் உள்வெப்பநிலை விடியலுக்கு முன், ஏறத்தாழ 4, 5 மணிக்கு மிகக் கீழே இருக்கும். பின்னேரம் 4 மணி முதல் 7 மணி வரை உச்சத்துக்கு வரும். தசை சூடாக இருக்கும்போது வேகமாகச் சுருங்கும், மூட்டு இலகுவாக மடங்கும். அதனால் குறுகிய, முழுப் பலத்தையும் கேட்கிற முயற்சிகளில் (ஒரு நிமிட ஏற்றம், கடைசி 200 மீட்டர் பாய்ச்சல்) பின்னேரம் சில வீதம் கூடுதலான பலம் கிடைக்கும்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிதானமாக மிதிக்கும்போது இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. அது மாறாத விதியுமில்லை. சில வாரங்கள் விடாமல் ஒரே நேரத்தில் பழகினால் உடம்பு அந்த நேரத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துவிடும், காலைக்கும் மாலைக்கும் உள்ள இடைவெளி சுருங்கும். ஒழுங்காகச் சூடேற்றினாலும் சுருங்கும் (கேள்வி 5).

3. எத்தனை மணிக்கு வெளிச்சம் வரும், எத்தனை மணிக்குப் போகும்? தோராயமா சொன்னா போதும்.

ஜனவரிக் கடைசி, பெப்ரவரித் தொடக்கத்தில் சூரியன் 6.25 அளவில்தான் உதிக்கும். வருடத்தில் அதுதான் மிகப் பிந்திய உதயம். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் 5.50க்கே உதித்துவிடும். மறைவைப் பார்த்தால் நவம்பர் நடுப்பகுதியில் 5.45 அளவில், ஜூலையில் 6.30 அளவில். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அந்தி மயங்கும் நேரம் சுமார் 20 நிமிடம்தான். "இன்னும் வெளிச்சம் இருக்கு" என்று ஓர் ஏற்றத்தைத் தொடங்கி உச்சிக்கு வருவதற்குள் முழு இருட்டாகிவிடும்.

இன்னொன்று, இந்த நேரங்கள் திறந்த வெளிக்கானவை. பொகவந்தலாவை போலச் சுற்றிலும் மலை நிற்கும் பள்ளத்தாக்கில் வெயில் பாதையில் விழுவது பிந்தும், போவது முந்தும். சைப்பிரஸ், யூக்கலிப்டஸ் நெருங்கி நிற்கும் பாதைகளில் இன்னும் மோசம். பின்னேரம் என்றால் சூரிய மறைவுக்கு 30 நிமிடம் முன்பே வீட்டு வாசலில் இருப்பதாகக் கணக்குப் போடுங்கள்.

4. எந்த மாசத்துல எந்த நேரம் மழைக்குத் தப்பலாம்?

மலையகம் என்று ஒரே பெயரில் சொன்னாலும் மழைக்கு அது இரண்டு பக்கம். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா மேற்குச் சரிவு. வெலிமடை, பண்டாரவளை, பதுளை கிழக்குச் சரிவு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் காலை, மாலை பார்க்காமல் கொட்டும். அதே நாட்களில் கிழக்குச் சரிவான ஊவாப் பக்கம் காய்ந்து கிடக்கும், கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும் என்பதால் அங்கே ஜூன், ஜூலையில் விடியலை விட்டால் பின்னேரம் எதிர்காற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை கதை மாறும்: கிழக்குச் சரிவு நனையும், மேற்கில் வறண்ட குளிர்காலை. நுவரெலியாவில் புல்மேல் உறைபனி விழுவதும் இந்த நாட்களில்தான்.

காலை, மாலை வித்தியாசம் பளிச்சென்று தெரிவது மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும். விடியலில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், 11 மணிக்கு முகில் கட்டும், 2, 3 மணிக்கு இடியோடு இறங்கும். இந்த நான்கு மாதங்களில் நீண்ட ஓட்டத்தைப் பின்னேரத்துக்கு வைப்பது வீண்வேலை. நவம்பரில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவானால் இந்த ஒழுங்கும் இல்லை, நாள் முழுக்க மழைதான்.

இரவு பெய்த மழைக்குக் காலையில்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும். வெட்டிய மண்மேட்டிலிருந்து உருண்ட கல், வளைவில் படிந்த சேறு, விழுந்த கிளை எல்லாவற்றையும் முதலில் சந்திப்பவர் 5.45க்குப் போகும் சைக்கிள்காரர்தான். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. அளவுக்கு மழை விழுந்தாலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடத் தொடங்கும். உங்கள் பிரதேசத்துக்கு எச்சரிக்கை இருந்தால் அன்று காலையும் வேண்டாம், மாலையும் வேண்டாம்.

5. காலையில முதல் பத்து நிமிஷம் முழங்கால் பிடிக்குது, மூச்சு முட்டுது. பின்னேரம் அப்படி இல்ல. ஏன்?

கேள்வி 2இல் சொன்ன குளிர்ந்த தசைதான் காரணம். அதோடு மலையகத்தில் வாசலைத் தாண்டினாலே ஏற்றம். சமதரையில் இருப்பவருக்குக் கிடைக்கும் பத்து நிமிட உருட்டல் நமக்கு வாய்ப்பதில்லை. பின்னேரத்துக்கு 10 நிமிடச் சூடேற்றம் போதும். காலைக்கு 20 முதல் 25 நிமிடம் வேண்டும்.

வீடு பள்ளத்தில் இருந்தால்: முதல் 10 நிமிடம் இருப்பதிலேயே இலகுவான கியரில் (முன்னே 34 பல், பின்னே 32 அல்லது 34 பல் இருந்தால் நல்லது), பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில். பிறகு 5 நிமிடம் சற்றுக் கூட்டி. அதன் பின் 1 நிமிடம் வேகம், 1 நிமிடம் இலகு என்று மூன்று தடவை. கடைசியாக 3 நிமிடம் இலகு. இதற்குப் பிறகுதான் கடினமான வேலை. மிதி நிமிடத்துக்கு 80 சுற்றுக்குக் கீழே போனால் கியர் பாரம் என்று அர்த்தம். குளிர்ந்த முழங்காலில் பாரக் கியரை அழுத்துவதுதான் முழங்கால் சில்லின் முன்பக்கம் வரும் வலிக்குப் பெரிய காரணம்.

வீடு மேட்டில் இருந்தால் இன்னும் சிக்கல். முதலில் இறக்கம், கால் சும்மா கிடக்கும், காற்று குளிரை உள்ளே ஏற்றும், கீழே வந்ததும் உடனே ஏற்றம். அதனால் வீட்டுக்குள்ளேயே 8 நிமிடம் செலவழியுங்கள்: வாசல் படியில் ஏறி இறங்குவது 3 நிமிடம், பாதி அளவுக்கு உட்கார்ந்து எழுவது 15 தடவையாக இரண்டு சுற்று, ஒவ்வொரு காலையும் முன்னும் பின்னும் 15 தடவை வீசுவது. குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி மட்டும் அந்த நேரத்தில் வேண்டாம். இரவில் முதுகெலும்பின் இடைத்தட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். எழுந்த முதல் அரை மணித்தியாலத்தில் ஆழமாகக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

6. ஏறும்போது வேர்த்து ஊத்துது, இறங்கும்போது பல்லு கிட்டுது. என்னதான் உடுத்துறது?

குளிரைவிட வேர்வைதான் எதிரி. 10 பாகை செல்சியஸில் 40 கி.மீ. வேகத்தில் இறங்கினால் தோலுக்கு அது 6 பாகை மாதிரி இருக்கும். சட்டை நனைந்திருந்தால் அதற்கும் கீழே. பருத்தி டீசேர்ட் நனைந்தால் காயாது, அதை விட்டுவிடுங்கள். உள்ளே மெல்லிய பொலியெஸ்டர் சட்டை, மேலே காற்றுத் தடுக்கும் கையில்லா மேற்சட்டை, விரல் மூடிய கையுறை. வாசலில் நிற்கும்போது லேசாகக் குளிர வேண்டும். நிற்கும்போதே இதமாக இருந்தால் பத்தாவது நிமிடம் வேர்த்துவிடும்.

ஏற்றம் தொடங்கும்போது மேற்சட்டையின் சிப்பைத் திறந்துவிடுங்கள். உச்சியில் நிற்காமல் மூடிக்கொண்டு இறங்குங்கள். மேற்சட்டை இல்லாதவர்களுக்குப் பழைய சைக்கிளோட்டக்காரர்களின் வழி இன்னமும் நன்றாக வேலை செய்கிறது: நான்கு பக்கச் செய்தித்தாளை மடித்து நெஞ்சுக்கும் சட்டைக்கும் நடுவே வைப்பது. காற்றைத் தடுக்கும், வேர்வையை உறிஞ்சும், கீழே வந்ததும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

7. வெறும் வயித்துல போகலாமா? ஒரு தேத்தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போறேன்.

ஒரு மணித்தியாலத்துக்குள், இலகுவான ஓட்டம் என்றால் போகலாம். இரவில் ஈரலில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு குறையும். தசையில் இருப்பது பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் ஒரு மணித்தியாலத்துக்கு மூச்சு வாங்காது. சீனி போட்ட தேத்தண்ணி குடித்தாலே அது வெறும் வயிறு இல்லை என்பது வேறு விஷயம். "வெறும் வயித்துல மிதிச்சா கொழுப்பு கரையும்" என்று தினமும் போகிறவர்களுக்கு: அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிவது உண்மை. ஆனால் மெலிவதைத் தீர்மானிப்பது நாள் முழுக்கச் சாப்பிட்டதும் செலவழித்ததும்தான்.

75 நிமிடத்தைத் தாண்டினாலோ, ஏற்றத்தில் கடினமாக மிதிக்கப் போனாலோ 20 நிமிடம் முன் ஒரு வாழைப்பழமும் (சுமார் 25 கிராம் மாச்சத்து) இனிப்புத் தேத்தண்ணியும் எடுங்கள். பிறகு மணித்தியாலத்துக்கு 30 முதல் 60 கிராம்: இன்னொரு வாழைப்பழம், ஜாம் தடவிய இரண்டு துண்டு பாண், பேரீச்சம்பழம். தடித்த கோதுமை ரொட்டியும் கட்டச்சம்பலும் அருமையானவைதான், ஆனால் திரும்பி வந்த பிறகு. முன்னே சாப்பிட்டால் முதல் ஏற்றத்திலேயே சம்பல் தொண்டைக்கு வரும். குளிரில் தாகம் தெரியாது. மணித்தியாலத்துக்கு 400, 500 மி.லீ. தண்ணீரைத் தாகத்துக்குக் காத்திராமல் குடியுங்கள்.

8. அண்ணே, வேலை முடிஞ்சு வீட்டுக்கு வரவே 5 மணி. எனக்கு பின்னேரத்தை விட்டா வழியில்ல. என்ன செய்யலாம்?

ஜூன், ஜூலையில் 5.05க்குக் கிளம்பி 6 மணிக்கு வந்துவிடலாம். 55 நிமிடம் போதுமான நேரம், கடினமான பயிற்சிக்கு அதுவே பொருத்தம். தூரமாகப் போய்த் திரும்பும் பாதையை எடுக்காதீர்கள். வீட்டிலிருந்து 3 கி.மீ.க்குள் 4 முதல் 6 நிமிடம் எடுக்கும் ஓர் ஏற்றத்தைத் தேர்ந்து, அதையே 5 தடவை ஏறி இறங்குங்கள். மழை வந்தாலும் சில்லு பஞ்சரானாலும் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிடலாம். தோட்டத்துக்குள் போகும் கொங்கிரீட் பாதை கிடைத்தால் நல்லது. ஆனால் பின்னேரம் கொழுந்து நிறுத்து முடிந்து லொறிகள் பெக்டரிக்கு வரும் நேரமும் அதுதான். குருட்டு வளைவில் இடப்பக்கத்தை விடாதீர்கள், பெல் அடியுங்கள்.

மதியச் சோற்றுக்குப் பிறகு 4 மணி வரை ஒன்றும் சாப்பிடாமல் வந்தால் கால் ஓடாது. 4 மணிக்கு ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ போதும். நவம்பரில் இந்தத் திட்டம் நடக்காது. 5.45க்குச் சூரியன் போய்விடும், மழையும் நிற்காது. அந்த மாதங்களில் வார நாட்களுக்கு வீட்டுக்குள் ரோலர் அல்லது ட்ரெயினர் (சைக்கிளை ஒரே இடத்தில் வைத்து மிதிக்க உதவும் கருவி), சனி, ஞாயிறு காலையில் வெளியே என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

9. போன் டோர்ச்சைக் கட்டிட்டு ஓட்டலாமா? லைட் எவ்வளவு வேணும்?

போன் டோர்ச் வேண்டாம். அடுத்தவர் கண்ணுக்கு நீங்கள் தெரிவதற்கு 100 லூமன் (வெளிச்சத்தின் அளவு) போதும். தெருவிளக்கே இல்லாத பாதையில் குழியை நீங்கள் பார்க்க 400 லூமன், இறக்கத்தில் 700, 800. முன் லைட்டைச் சில்லுக்கு முன்னால் 8, 10 மீட்டரில் விழுமாறு சற்றுக் கீழே சாய்த்துப் பூட்டுங்கள். நேராக நீட்டினால் எதிரே வரும் பஸ் சாரதிக்குக் கண் கூசும், வளைவில் உங்கள்மேலேயே வந்துவிடுவார். பின்னுக்குச் சிவப்பு, விட்டுவிட்டு எரிவது. குளிரில் பட்டரி சீக்கிரம் இறங்கும். 2 மணித்தியாலம் எரியும் என்று பெட்டியில் போட்டிருந்தால் ஒன்றரை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

10. மூடுபனி காலையில கூடவா, பின்னேரம் கூடவா?

இடத்தைப் பொறுத்தது. காற்றில்லாத தெளிந்த இரவுக்குப் பிறகு பள்ளத்தாக்கிலும் நீர்த்தேக்கத்தை ஒட்டியும் காலையில் பனி தேங்கி நிற்கும், வெயில் பட்டதும் கலையும். தலவாக்கலை, காசல்ரீ பக்கம் அப்படி. முகட்டில் இருக்கும் ஊர்களுக்கு நேர்மாறு: அப்புத்தளையில் காலை தெளிவாக இருந்து, பகலில் கீழிருந்து சூடான ஈரக்காற்று ஏறி வந்து பின்னேரம் ஊரையே மூடும். ஆகவே பள்ளத்தில் இருப்பவர் சற்றுப் பிந்தியும் முகட்டில் இருப்பவர் முந்தியும் கிளம்புவது புத்தி.

முன்னால் 30 மீட்டர் தெரியாவிட்டால் இறங்கி, பாதையை விட்டு விலகி நில்லுங்கள். லைட்டை அணைக்காதீர்கள்.

11. காலையில மழை இல்லாமலே பிரேக் பிடிக்க மாட்டேங்குது. ஏன்?

பனி ஈரம். ரிம் பிரேக்கில் ரிம்மின்மேல் படிந்த ஈரத்தையும் தூசியையும் ரப்பர் முதலில் வழித்தெடுக்க வேண்டும். அதுவரை பிடி இருக்காது. வாசலை விட்டதும் முதல் 100 மீட்டரில் இரண்டு பிரேக்கையும் லேசாக உரசவிட்டுக் காயவையுங்கள். பிறகும் ஒவ்வொரு வளைவுக்கும் முன் ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். டிஸ்க் பிரேக்குக்கு இந்தத் தொல்லை குறைவு; ஈரத்தில் கத்தும், பிடிக்கும். காலையில் பாதையிலேயே வழுக்குவது மூன்று: தேயிலை லொறி சிந்திய டீசல், பாலத்து இரும்பு, வெயில் படாத வளைவில் பச்சைப் பாசி.

நீண்ட இறக்கத்தில் எதிர்ப் பிரச்சினை, சூடு. சைக்கிளும் ஆளுமாக 85 கிலோ, 500 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் சக்தி ஒரு லீட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். காற்றுத் தடை ஒரு பங்கை எடுத்தாலும் மிச்சம் பிரேக்குக்குத்தான். இறம்பொடைப் பக்கம் கம்பளையை நோக்கி இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து இழுத்துப் பிடித்தபடி வந்தால் ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். நேர்ப்பாதையில் விட்டு, வளைவுக்கு முன் இறுக்கிப் பிடித்து, மறுபடி விடுங்கள். காலையில் விரல் விறைத்திருந்தால் இப்படிப் பிடிக்க முடியாது. கையுறையைச் சும்மா சொல்லவில்லை.

டயர் காற்றுக்கும் ஒரு சொல். வீட்டுக்குள் 20 பாகையில் 80 பி.எஸ்.ஐ. அடித்த டயர் வெளியே 8 பாகையில் 76க்கு இறங்கும். பஞ்சர் என்று பதற வேண்டாம், ஈரப்பாதைக்கு அது நல்லதுதான்.

12. காலையில 4 மணிக்கு எழும்புறேன், ஆனா படுக்க 11 ஆகுது. பழகிடும்தானே?

பழகாது. தூக்கமின்மைக்கு உடம்பு பழகுவதில்லை, சோர்வைக் கவனிக்காமல் இருக்கத்தான் நாம் பழகுகிறோம். 5 மணித்தியாலத் தூக்கத்தில் வாரம் ஐந்து காலை மிதிப்பதைவிட, 7 மணித்தியாலம் தூங்கி மூன்று தடவை மிதிப்பவர் முன்னேறுவார். காலை 4.30க்கு எழ வேண்டுமென்றால் இரவு 9.30க்கு விளக்கணைய வேண்டும். முடியாத வீட்டில் காலைத் திட்டத்தை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து, மிச்சத்தைப் பின்னேரத்துக்குக் கொண்டுபோங்கள்.

சைக்கிள், லைட், தண்ணீர்ப் போத்தல், உடுப்பு எல்லாவற்றையும் முதல்நாள் இரவே வாசலில் வைத்தால் 20 நிமிடத் தூக்கம் மிஞ்சும்.

13. ராத்திரி 7 மணிக்குக் கடினமா மிதிச்சா தூக்கம் வராதுன்னு சொல்றாங்க.

7 மணிக்கு முடித்து 10 மணிக்குப் படுப்பவர் பலருக்கு ஒன்றும் ஆகாது. படுப்பதற்கு ஒரு மணித்தியாலம் இருக்கும்வரை முழு மூச்சில் மிதித்தால்தான் இதயத்துடிப்பும் உடம்புச் சூடும் இறங்காமல் புரள நேரும். பெரும்பாலும் தூக்கத்தைக் கெடுப்பது மிதித்தது இல்லை, மிதித்துவிட்டு வந்து குடிக்கும் சாயம் கூடிய தேத்தண்ணி. கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும்.

14. அதே ஏத்தம், அதே சைக்கிள். காலையில ரெண்டு நிமிஷம் கூட எடுக்குது. பலம் குறைஞ்சிட்டேனா?

இல்லை. 30 நிமிட ஏற்றத்தில் இரண்டு நிமிடம் என்பது காலையுடல், போதாத சூடேற்றம், பாரமான உடுப்பு, முன்னெச்சரிக்கையோடு எடுத்த ஈர வளைவு எல்லாம் சேர்ந்து வருவது. குளிர்காற்று அடர்த்தி கூடியது என்பதும் உண்மை (10 பாகைக்கு 3, 4 வீதம்). ஆனால் செங்குத்தான ஏற்றத்தில் அது பெரிதாக உறைக்காது. சமதரையில்தான் உறைக்கும்.

காலையில் இதயத்துடிப்பும் சில துடிப்பு குறைவாகவே காட்டும். பின்னேரம் எடுத்த உச்ச அளவை வைத்துக் காலைப் பயிற்சியைத் திட்டமிட்டால் எட்டாத இலக்கைத் துரத்துவீர்கள். சோதனை ஓட்டத்தை எந்த நேரத்தில் பழகுகிறீர்களோ அதே நேரத்தில், 6 வாரத்துக்கு ஒரு முறை, காய்ந்த பாதையில் வையுங்கள். காலையைக் காலையோடுதான் ஒப்பிட வேண்டும். உயரத்தையும் மறக்காதீர்கள்: நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீட்டர், அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 80 வீதம்தான். கம்பளையில் எடுத்த அளவு அங்கே எந்த நேரத்திலும் வராது.

15. காலையும் பின்னேரமும் ரெண்டு தடவை மிதிச்சா சீக்கிரம் முன்னேறலாமா?

வேலைக்குச் சைக்கிளில் போய்வருபவருக்கு அது தானாகவே நடக்கிறது. அதற்கு மேல் வேண்டுமென்றால் வாரம் ஒரு நாள், இரண்டுக்கும் நடுவே 8 மணித்தியால இடைவெளி, கடினமானது ஒன்றுதான். காலையில் முடித்த ஒரு மணித்தியாலத்துக்குள் உடல் எடைக்குக் கிலோவுக்கு 1 கிராம் அளவு மாச்சத்து (60 கிலோ ஆளுக்கு 60 கிராம்), கூடவே முட்டையோ பருப்போ. இது இல்லாமல் இரண்டாவது தடவை போனால் பயிற்சி இல்லை, அலைச்சல்.

16. பிரஷர், சீனி, இளைப்பு இருக்கிறவங்க எந்த நேரம் போகணும்?

மூன்றும் வேறு வேறு. இரத்த அழுத்தம் விழித்தெழும் நேரத்தில் இயல்பாகவே ஏறும். மாரடைப்பு காலையில் கூடுதலாக வருவதும் அறியப்பட்டதே. கட்டுப்பாட்டில் இல்லாத பிரஷர் உள்ளவர் விடியலில், குளிரில், நேரே ஏற்றத்தில் தொடங்கக் கூடாது. வைத்தியரிடம் கேட்டு, கேள்வி 5இன் சூடேற்றத்தை இரட்டிப்பாக்கிப் பிற்பகலில் தொடங்குங்கள். துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை எடுப்பவர் இதயத்துடிப்புக் கருவியை நம்ப வேண்டாம்; முழு வசனம் பேச முடிகிறதா என்பதே அளவு.

சீனி வருத்தத்துக்கு இன்சுலினோ, கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரையோ எடுப்பவருக்குப் பின்னேர ஓட்டத்தின் ஆபத்து இரவில் வரும்: தூக்கத்தில் சீனி இறங்கலாம். கிளம்பும் முன் இரத்தத்தில் சீனி 100 மி.கி./டெ.லீ.க்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாச்சத்து எடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டுப் போங்கள். படுக்கும் முன்னும் ஒரு தடவை பாருங்கள். இளைப்பு உள்ளவருக்குக் காலைக் குளிர்காற்று மூச்சுக்குழாயைச் சுருக்கும். வாயையும் மூக்கையும் துணியால் மூடி மூச்செடுத்தால் காற்று சற்றுச் சூடாகும். வைத்தியர் தந்த ஊதியைச் சொன்னபடி முன்கூட்டி எடுங்கள். பின்னேரம் லயத்து அடுப்புப் புகையும் பஸ் புகையும் தாழ்வில் தேங்கும் இடங்களை அவர் தவிர்ப்பது நல்லது.

17. விடியக்காலையில நாய் துரத்துது. புலி நடமாட்டம்னும் சொல்றாங்க.

நாய்தான் நிஜமான தொல்லை. ஏற்றத்தில் அதை முந்த முடியாது. இறங்கி, சைக்கிளை நடுவே வைத்துக்கொண்டு, அதட்டியபடி நடங்கள். பல நாய்கள் ஓடும் சில்லைத்தான் துரத்தும். கடித்தால் சவர்க்காரமும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்கு.

புலி என்று நம்மவர்கள் சொல்வது சிறுத்தையை. தேயிலைத் தோட்டத்துக் காட்டோரங்களில் அது நடமாடுவது விடியலுக்கு முன்னும் அந்திக்குப் பின்னும். ஆளைக் கண்டால் பொதுவாக விலகிப் போகும். காட்டை ஒட்டிய பாதையில் முழு வெளிச்சம் வந்த பிறகு, இரண்டு பேராகப் போங்கள். தோட்டத்தில் யாராவது நேற்றுக் கண்டதாகச் சொன்னால் ஒரு வாரம் வேறு பாதை.

18. பாதியில இடி முழங்க ஆரம்பிச்சா?

மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவே எண்ணுங்கள். 30 வினாடிக்குக் குறைவென்றால் அது 10 கி.மீ.க்குள். உடனே நாலு சுவருள்ள கட்டடத்துக்குள் போங்கள்; கடையோ, கோயில் மண்டபமோ, பாடசாலையோ. தேயிலை மலையில் தனித்து நிற்கும் மரத்தடி வேண்டாம். கடைசி முழக்கம் கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் கிளம்ப வேண்டும். விபத்தானால் 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ். சிக்னல் இல்லாத வளைவுகள் பல என்பதால் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். தங்கையோ மகளோ தனியாகப் போவதானால் இருப்பிடத்தைப் போனில் பகிர்ந்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

19. அப்போ ஒரு வாரத்தை எப்படிப் பிரிக்கிறது?

வாரம் நான்கு தடவை முடியும் என்றால், மழை விட்ட மாதங்களில்: செவ்வாய் பின்னேரம் குறுகிய ஏற்றம் 5 தடவை (கேள்வி 8). வியாழன் காலை 60 நிமிடம் இலகு. சனி காலை 5.45க்குத் தொடங்கி இரண்டரை, மூன்று மணித்தியாலம். ஞாயிறு எப்போது வசதியோ அப்போது 45 நிமிடம். வார நாட்களில் 6.30 முதல் 7.30 வரை பாடசாலை வேன்களும் பஸ்களும் பாதையைப் பிடித்திருக்கும். வியாழனை அதற்கு முன் முடியுங்கள். இடைப்பருவ மாதங்களில் (மார்ச், ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர்) செவ்வாயையும் காலைக்கு மாற்ற வேண்டியிருக்கும். அப்போது கடினமான இரண்டு நாட்கள் அடுத்தடுத்து வராமல் பாருங்கள், அது போதும்.

20. போட்டி கீழ்நாட்டுல, காலை 7 மணிக்கு. நான் பழகுறது நுவரெலியாவுல விடியக்காலையில. நேரம் ஒத்துப் போகுதுதானே?

நேரம் ஒத்துப் போகிறது, வெப்பம் ஒத்துப் போகவில்லை. 10 பாகையில் பழகிய உடம்பு 9 மணிக்கே 30 பாகையைத் தொடும் ஊரில் முதல் மணித்தியாலத்திலேயே தடுமாறும். வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாள் தேவை. போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போதே வாரத்தில் மூன்று, நான்கு ஓட்டத்தை விடியலிலிருந்து பகல் 11 மணிக்குத் தள்ளுங்கள். முடிந்தால் கம்பளை, மஹியங்கனைப் பக்கம் இறங்கிப் பழகுங்கள். 60 முதல் 90 நிமிடம், இலகுவான வேகம், மணித்தியாலத்துக்கு 700, 800 மி.லீ. தண்ணீர், உப்பும் சேர்த்து.

கீழே இறங்க வழியில்லாதவர் ஒரு மணித்தியால ஓட்டம் முடிந்த கையோடு, வேர்த்த உடம்புடன் 40 பாகை வெந்நீரில் கழுத்தளவு 20, 30 நிமிடம் இருக்கலாம். லயத்தில் குளியல் தொட்டி ஏது; ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயைக் கழுவி எடுத்தால் ஓர் ஆள் உட்காரலாம். தனியாக இருக்கும்போது வேண்டாம், தலைசுற்றினால் உடனே எழும்ப வேண்டும், பிரஷர் உள்ளவர் இதைத் தொடவே கூடாது. 6 நாள் தொடர்ந்து செய்து, கடைசி நாளைப் போட்டிக்கு 3, 4 நாள் முன்னதாக முடித்துக்கொள்ளுங்கள்.